பொறியில் இடும் வாக்கும் அஞ்சலில் இடும் வாக்கும்

தேர்தல் என்பது வென்றவர் இன்னார் என்று அறிவிக்கும் ஏற்பாடு மட்டுமன்று. தோற்றவரும் தம் தோல்வியை ஒப்புக்கொள்ளச் செய்யும் ஏற்பாடும் ஆகும். வென்றவர் சான்று கேட்பதில்லை; முடிவை மகிழ்ந்து ஏற்றுக்கொள்வார். தோற்றவரும் அவரைச் சார்ந்தோருமே சான்று கேட்பர். எண்ணப்பட்ட வாக்குகள் மக்கள் இட்ட வாக்குகளே என்பதை அவர்கள் கண்முன் காட்ட இயலாவிடின், வெற்றி பெற்றவரின் ஆட்சியும் ஐயத்தின் நிழலிலேயே நடைபெற வேண்டியதாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2006ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இவ்வுண்மை ஒரு மாநிலத்து மக்களின் வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. மேரிலாந்து மாநிலத்து வாக்காளர் ஒவ்வொருவரும் ஒரு வினாவுக்கு விடை காண வேண்டியவராயினர். வாக்குச் சாவடிக்குச் சென்று அங்குள்ள மின்னணுப் பொறியில் வாக்கிடுவதா? அன்றி, வீட்டிலிருந்தே தாளில் குறித்து அஞ்சலில் அனுப்புவதா? அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்த இராபர்ட் எர்லிக், பொறியை விடுத்து அஞ்சல் வழியைத் தேர்ந்துகொள்ளுமாறு மக்களை வெளிப்படையாகவே வேண்டிக்கொண்டார்.

தம் மாநிலம் பெரும்பொருள் செலவிட்டு வாங்கிய பொறியை நம்ப வேண்டா என்று ஆளுநரே கூறும் நிலை எவ்வாறு ஏற்பட்டது? அவர் காட்டிய மாற்று வழி குறையற்றதுதானா? இவ்விரு வினாக்களும் மேரிலாந்துக்கு மட்டும் உரியன அல்ல. தேர்தல் நடைபெறும் நாடுகள் அனைத்துக்கும் இவற்றில் பாடம் உண்டு.

துளைச் சீட்டிலிருந்து தொடுதிரைக்கு

இந்நிகழ்ச்சியின் வேர் 2000ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் உள்ளது. புளோரிடா மாநிலத்தில் ஏறத்தாழ 60 இலட்சம் வாக்குகள் இடப்பட்டன. முடிவில் ஜார்ஜ் புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் இடையே இருந்த வேறுபாடு 537 வாக்குகளே. அம்மாநிலத்தின் பல பகுதிகளில் வாக்காளர் ஓர் ஊசியால் அட்டையில் துளையிட்டு வாக்களித்தனர். சில அட்டைகளில் துளை முழுமையாக விழவில்லை. வெட்டுத் துண்டு ஒரு முனையில் தொங்கிக்கொண்டிருந்தது. சிலவற்றில் பள்ளம் மட்டுமே காணப்பட்டது. இவற்றை வாக்காகக் கொள்வதா, தள்ளுவதா என்று அலுவலர்கள் அட்டைகளை விளக்கொளியில் தூக்கிப் பிடித்துப் பார்த்த காட்சியை உலகமே கண்டது. டிசம்பர் 12ஆம் நாள் நாட்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பினால் மறு எண்ணிக்கை நின்றது.

இவ்விழுக்கு மீண்டும் நேராதிருக்க வேண்டுமென்று 2002ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு சட்டம் நிறைவேறியது. பழைய துளைச் சீட்டுகளையும் நெம்புகோல் பொறிகளையும் நீக்கிப் புதிய கருவிகள் வாங்குவதற்கும் பிற தேர்தற் சீர்திருத்தங்களுக்குமாக 300 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையை அது மாநிலங்களுக்கு ஒதுக்கியது. பொருளும் காலக்கெடுவும் ஒருங்கே வந்தமையால் மாநிலங்கள் விரைந்து வாங்கின. பல மாநிலங்களின் கண்ணில் பட்டது தொடுதிரைப் பொறியே. அதில் தொங்கும் துண்டு இல்லை. ஐயத்துக்கிடமான குறி இல்லை. ஒரே பதவிக்கு இருவரைத் தேர்ந்து வாக்கைக் கெடுத்துக்கொள்ளும் பிழையும் நேராது. பார்வையற்றவர் காதொலியின் துணைகொண்டு பிறர் உதவியின்றித் தாமே வாக்களிக்கலாம். இவை பொய்யான நன்மைகள் அல்ல. பொறியை ஆதரித்தோர் இவற்றை எடுத்துக்காட்டியது முறையே.

மேரிலாந்து 2002இல் நான்கு கவுண்டிகளில் டீபோல்டு நிறுவனத்தின் தொடுதிரைப் பொறிகளை நிறுவியது. பின்னர் அவற்றை மாநிலமெங்கும் பரப்பியது.

பொறி இயங்கிய முறை

வாக்காளர் சாவடிக்குள் சென்றதும் பெயர்ப் பட்டியல் பார்க்கப்படும். பின்பு அவருக்கு ஒரு சிறிய மின் அட்டை தரப்படும். அதனைப் பொறியில் செருகினால் திரையில் வேட்பாளர் பெயர்கள் தோன்றும். விரும்பிய பெயரைத் தொட்டு, இறுதியில் உறுதிப்படுத்தினால், வாக்கு பொறியின் உள் நினைவகத்திலும், கழற்றி எடுக்கத்தக்க ஒரு நினைவு அட்டையிலும் பதிவாகும். மீண்டும் பயன்படாதபடி வாக்காளரின் மின் அட்டை செயலிழந்து வெளிவரும். மாலையில் சாவடி மூடியதும் பொறி ஒரு தாள் நாடாவில் மொத்தத் தொகைகளை அச்சிடும். நினைவு அட்டைகள் திரட்டப்பட்டு, அவற்றின் தொகைகள் கூட்டப்படும்.

இதில் காணத்தக்கது யாதெனின், வாக்காளர் கண்ணால் பார்ப்பது திரையில் தெரியும் எழுத்தை மட்டுமே. நினைவகத்தில் பதிவானது எது என்பதை அவரும் அறியார். அருகிருந்த அலுவலரும் அறியார். திரையில் ஒரு பெயரைக் காட்டி நினைவகத்தில் வேறொரு பெயரைப் பதியும்படி நிரலை எழுதுவது கணினியைப் பொறுத்தவரையில் கடினமான செயலன்று. மறு எண்ணிக்கை வேண்டுமென்று ஒருவர் வழக்காடினால், பொறி முன்பு சொன்ன தொகையையே மீண்டும் சொல்லும். சாட்சியும் அதுவே, சாட்சியைச் சோதிக்கும் அளவுகோலும் அதுவே என்றாகும்.

அறிஞர் கண்ட குறைகள்

2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டீபோல்டு பொறியின் நிரல்கள் காவலின்றி இணையத்தில் கிடந்தமை கண்டறியப்பட்டது. மேரிலாந்தின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தையும், டெக்சாசிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ததயோஷி கோனோ, ஆதம் ஸ்டபிள்பீல்டு, ஏவியல் ரூபின், டான் வாலக் என்னும் நால்வர் அவற்றை ஆராய்ந்து, அவ்வாண்டு ஜூலையில் தம் முடிவுகளை வெளியிட்டனர்.

அவர்கள் கண்டவை மூன்று வகையின. முதலாவது, வாக்காளரின் மின் அட்டை மெய்யானதா என்று பொறி தக்கவாறு சோதிக்கவில்லை. ஆகவே, அட்டை செய்யத் தெரிந்த ஒருவர் பல போலி அட்டைகளைக் கொண்டுவந்து பன்முறை வாக்களிக்கக் கூடும். இரண்டாவது, பதிவுகளை மறைத்துக் காக்கும் மறைசொல் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. எல்லாப் பொறிகளுக்கும் அஃது ஒன்றே. நிரல் வெளிப்பட்டவுடனே மறைசொல்லும் வெளிப்பட்டுவிட்டது. மூன்றாவது, வாக்குகள் இடப்பட்ட வரிசையை மறைப்பதற்குக் கையாண்ட கணக்கு எளிதில் விடுவிக்கத்தக்கதாக இருந்தது. யார் எந்த வரிசையில் வந்தார் என்பதைக் குறித்துக்கொண்டவர், யார் எவருக்கு வாக்களித்தார் என்பதையும் அறிந்துவிடலாம். வாக்கின் தொகை மட்டுமன்றி அதன் மறைவும் இங்ஙனம் இடருக்குள்ளாயிற்று.

சாவடியில் அலுவலர் காவல் உண்டு, முத்திரைகள் உண்டு, அவற்றைக் கருதாமல் நிரலை மட்டும் பார்த்துக் கூறுவது முறையன்று என்று நிறுவனத்தார் மறுத்துரைத்தனர். அவ்வாதத்தில் ஓரளவு உண்மையும் இருந்தது. நால்வருள் ஒருவரான ரூபின் 2004ஆம் ஆண்டுத் தேர்தலில் தாமே சாவடி அலுவலராகப் பணியாற்றினார். போலி அட்டை போன்ற சில சூழ்ச்சிகள் கண்காணிப்புக்கு நடுவே தாம் எண்ணியதைவிடக் கடினமானவை என்று ஒப்புக்கொண்டார். ஆனால், பொறியைப் பற்றிய அடிப்படை ஐயம் அவருக்கு நீங்கவில்லை.

மாநிலம் வேறு வல்லுநரையும் அமர்த்திச் சோதித்தது. 2004ஆம் ஆண்டு ஜனவரியில், சட்டமன்றத்தின் சார்பில் ராபா என்னும் நிறுவனத்தார் பொறியைத் தாக்கிப் பார்க்கும் ஒரு சோதனையை நடத்தினர். மாநிலத்திடம் ஏறத்தாழ 16,000 பொறிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு பூட்டுகள். அத்தனை பூட்டுகளுக்கும் சாவி ஒன்றே. சாவியும் இல்லாமல், குழுவிலிருந்த ஒருவர் ஏறத்தாழ 10 நொடியில் பூட்டைத் திறந்துவிட்டார்.

2006ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏரியல் பெல்டுமன், அலெக்ஸ் ஹால்டர்மன், எட்வர்டு பெல்டன் ஆகியோர் அதே வகைப் பொறி ஒன்றைப் பெற்று ஆராய்ந்தனர். ஒரு நிமிடத்துக்குள் பொறியைத் திறந்து நினைவு அட்டையை மாற்றித் தீய நிரல் ஒன்றை உட்செலுத்தலாம் என்று செய்துகாட்டினர். அந்நிரல் வாக்குகளைத் திருடும். திருடிய தடயத்தையும் அழிக்கும். அதனினும் கொடியது, நினைவு அட்டை வழியாக ஒரு பொறியிலிருந்து மற்றொரு பொறிக்கு நோய்போல் தொற்றும். பொறியின் கதவைக் காத்த சாவியோ, அலுவலக மேசைகளுக்கும் விடுதி அறைகளின் குளிர்பெட்டிகளுக்கும் பயன்படும் எளிய வகையினதாக இருந்தது.

இவ்வாராய்ச்சிகளில் ஒன்றேனும், உண்மையான தேர்தலில் வாக்குத் திருடப்பட்டது என்று கூறவில்லை என்பதை மறத்தல் ஆகாது. திருடப்பட்டிருந்தால் கண்டுபிடிக்க வழியில்லை என்பதே அவற்றின் முடிவு. குற்றம் நடந்தது என்பதற்கும், குற்றம் நடவாமையை நிறுவ இயலாது என்பதற்கும் வேறுபாடு பெரிது. எனினும், தோற்றவரை நம்பச் செய்யும் கடமை தேர்தலுக்கு உண்டாதலின், இரண்டாவதும் பொறுக்கத்தக்கதன்று.

சூழ்ச்சியின்றியும் நேரும் இழப்பு

வாக்கு மறைவதற்குத் திருடன் வேண்டும் என்பதில்லை, கவனக்குறைவே போதும். வட கரோலைனா மாநிலத்தின் கார்ட்டெரட் கவுண்டியில் 2004ஆம் ஆண்டு வேறொரு நிறுவனத்தின் மின்னணுப் பொறி பயன்பட்டது. அஃது 10,500 வாக்குகளைக் கொள்ளும் என்று அலுவலர் நம்பியிருந்தனர். உண்மையில் அது கொண்டது 3,005 வாக்குகளே. நினைவகம் நிறைந்த பின்னும் பொறி வாக்குகளை வாங்கிக்கொண்டே இருந்தது. ஆனால் எவற்றையும் பதியவில்லை. 4,438 வாக்குகள் மீட்க இயலாதபடி அழிந்தன. அம்மாநிலத்து வேளாண்மைத் துறைத் தலைவர் பதவிக்கு நடந்த போட்டியில் இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 2,287 வாக்குகளே. அழிந்த வாக்குகள் முடிவை மாற்றியிருக்கக் கூடியவை. தாள் இருந்திருப்பின் ஒரே மாலையில் எண்ணித் தீர்த்திருக்கலாம். தாள் இன்மையால் பூசல் அடுத்த ஆண்டு பிப்ரவரி வரையில் நீண்டது.

புளோரிடாவின் சாரசோட்டா கவுண்டியில் 2006ஆம் ஆண்டு நவம்பரில் நிகழ்ந்தது இன்னும் ஆழ்ந்த சிந்தனைக்குரியது. நாடாளுமன்றத்தின் கீழவைக்கு நடந்த போட்டியில் வெர்ன் புக்கானன் 369 வாக்குகளால் கிறிஸ்டீன் ஜென்னிங்சை வென்றார். ஆனால், அக்கவுண்டியில் ஏறத்தாழ 18,000 பேர் பிற பதவிகளுக்கு வாக்களித்துவிட்டு இந்தப் பதவிக்கு மட்டும் வாக்களிக்காமல் சென்றதாகப் பொறிகள் காட்டின. பொறியில் வாக்களித்தோருள் அவ்வாறு விட்டுச் சென்றவர் 100க்கு ஏறத்தாழ 15 பேர். அதே கவுண்டியில் அஞ்சலில் தாள் வாக்கு அனுப்பியோருள் அவ்வாறு விட்டவர் 100க்கு 3 பேருக்கும் குறைவு.

ஒரே ஊர்; ஒரே போட்டி. இத்துணை வேற்றுமை ஏன்? திரையில் அப்போட்டி அமைந்த இடமே காரணம் என்பர் பலர். அப்பெயர்கள் திரையின் உச்சியில் சுருங்கி நின்றன. அவற்றின் கீழே ஆளுநர் போட்டி வண்ணத் தலைப்புடன் கண்ணைக் கவர்ந்தது. பார்த்தவர் மேலதைக் கடந்து கீழதற்குச் சென்றுவிட்டனர். நடுவண் அரசின் தணிக்கை அமைப்பு பொறிகளைச் சோதித்து, அவற்றின் பழுதே காரணம் என்பதற்குச் சான்றில்லை என்று 2008இல் கூறியது. ஆயினும், அந்த 18,000 பேரின் உள்ளக் கருத்து யாது என்பதை எவராலும் இன்றளவும் கூற இயலவில்லை. வாக்காளர் தம் கையால் குறித்த தாள் இருந்தால் அதனை எடுத்துப் பார்க்கலாம். எடுத்துப் பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

மேரிலாந்தின் செப்டம்பர்

இத்தகைய ஐயங்கள் சூழ்ந்திருந்த காலையில் மேரிலாந்தின் முதனிலைத் தேர்தல் 2006 செப்டம்பர் 12ஆம் நாள் நடந்தது. மாண்ட்கோமெரி கவுண்டியில் வாக்காளருக்குத் தரவேண்டிய மின் அட்டைகளைச் சாவடிகளுக்கு அனுப்பவே அலுவலர் மறந்துவிட்டனர். அட்டையின்றிப் பொறிகள் வாய்மூடிக் கிடந்தன. தற்காலிகத் தாள் சீட்டுகள் தரப்பட்டன. சில சாவடிகளில் அவையும் தீர்ந்துபோயின. காலையில் வேலைக்குச் செல்லும் முன் வாக்களிக்க வந்தவருள் சிலர் வாக்களியாமலே திரும்பினர். வாக்களிக்கும் நேரம் நீதிமன்ற ஆணையால் நீட்டிக்கப்பட்டது. பெயர்ப் பட்டியலைக் காட்டும் புதிய மின்னணுக் கருவிகளும் மாநிலத்தின் பல இடங்களில் இடையிடையே நின்று தொல்லை தந்தன.

நவம்பர் பொதுத்தேர்தலுக்கு இரு மாதமும் இல்லை. மாநிலம் முழுவதும் தாள் வாக்குக்குத் திரும்ப வேண்டும் என்றார் ஆளுநர் எர்லிக். சட்டமன்றத் தலைவர்கள் அதற்கு இசையவில்லை. இடைக்காலத்தில் முறையை மாற்றினால் குழப்பமே மிகும் என்றனர். காரணம் கூறாமலே அஞ்சலில் வாக்களிக்கும் உரிமை அவ்வாண்டு மேரிலாந்து வாக்காளருக்கு இருந்தது. அதனைப் பயன்கொள்ளுமாறு ஆளுநர் மக்களைக் கேட்டுக்கொண்டதன் பின்னணி இதுவே.

அஞ்சல் வாக்கின் நன்மை

சாவடிக்கு வர இயலாதோருக்கென்று ஏற்பட்டது அஞ்சல் வாக்கு. உள்நாட்டுப் போரின்போது, 1864ஆம் ஆண்டில், போர்முனையிலிருந்த வீரர்கள் வாக்களிப்பதற்குப் பல மாநிலங்கள் வழி வகுத்தன. பின்னர் நோயுற்றோர், பயணம் மேற்கொண்டோர் ஆகியோருக்கும் அவ்வுரிமை விரிந்தது. கலிபோர்னியா 1978 முதல் காரணம் கேட்பதையே விட்டுவிட்டது. ஆரிகன் மாநிலமோ 2000ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலை முற்றிலும் அஞ்சல் வழியாகவே நடத்தியது.

பொறியை ஐயுற்றவருக்கு இதில் கிடைத்த நன்மை வெளிப்படை. வாக்காளர் தம் கையாலேயே தாளில் குறிக்கிறார். குறித்ததைத் தம் கண்ணாலேயே காண்கிறார். அத்தாள் அழியாமல் நிற்கிறது. வழக்கு எழுந்தால் நீதிபதி முன்னிலையில் எடுத்து எண்ணலாம். மின்சாரம் நின்றாலும், அட்டை வாராவிடினும், நிரல் பழுதுபட்டாலும் தாளில் உள்ள குறி மாறுவதில்லை.

அஞ்சல் வாக்கின் இடர்கள்

ஆனால், சாவடிக்கு வெளியே செல்லும் வாக்கு சாவடி தரும் காப்பையும் இழக்கிறது. மறைவாக வாக்களிக்கும் முறை 1856இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, தென் ஆஸ்திரேலியா ஆகிய குடியேற்றங்களில் தோன்றியது. அரசு அச்சிட்ட சீட்டு, தனித்த அறை, ஒருவரே உள்ளே செல்லுதல் என்பனவே அதன் உறுப்புகள். அதன் நோக்கம் வாக்காளருக்கு மறைவுரிமை தருவது மட்டுமன்று. வாக்கை விற்க விரும்புவோரும் தாம் சொன்னபடியே வாக்களித்ததை மெய்ப்பிக்க இயலாமற் செய்வதுமாகும். மெய்ப்பிக்க இயலாத வாக்கை விலைகொடுத்து வாங்குவார் இல்லை. வீட்டு மேசையிலோ அத்தனித்த அறை இல்லை. கணவன் மனைவியின் சீட்டைப் பார்க்கலாம். முதலாளி தொழிலாளியின் சீட்டைக் கேட்கலாம். முதியோர் இல்லத்தில் பணிபுரிவோர் ‘உதவி’ செய்யலாம்.

இவை வெறுங் கற்பனைகள் அல்ல. மயாமி நகரத் தலைவர் பதவிக்கு 1997இல் நடந்த தேர்தலில் அஞ்சல் வாக்குகளில் போலிகள் மலிந்திருந்தன. இறந்தவர் பெயரிலும் வாக்கு வந்திருந்தது. 1998ஆம் ஆண்டு மார்ச்சில் நீதிமன்றத் தீர்ப்பினால் ஒருவர் பதவி இழக்க, மற்றவர் பதவி ஏற்றார். வட கரோலைனாவின் ஒன்பதாம் தொகுதியில் 2018இல் நடந்த தேர்தலில் வேறுபாடு 905 வாக்குகள். வேட்பாளர் ஒருவருக்காக உழைத்த குழுவினர் வீடுவீடாகச் சென்று அஞ்சல் சீட்டுகளைச் சட்டத்துக்கு மாறாகத் திரட்டியமை வெளிப்பட்டது. மாநிலத் தேர்தல் வாரியம் 2019 பிப்ரவரியில் அத்தேர்தலையே செல்லாததாக்கி மறுதேர்தலுக்கு ஆணையிட்டது.

இவையன்றிக் குற்றமற்ற இழப்புகளும் உண்டு. வெளியுறையில் கையொப்பம் இட மறந்தால் வாக்கு தள்ளப்படலாம். பல மாநிலங்களில் கையொப்பம் பழைய பதிவோடு ஒப்பிடப்படும். முதுமையால் கை நடுங்கியவரின் எழுத்து மாறியிருப்பின் ஐயம் எழும். அஞ்சல் தாமதமானால் கெடு கடந்துவிடும். சாவடியில் பிழை நேர்ந்தால் வேறு சீட்டுக் கேட்டுப் பெறலாம். அஞ்சலில் அனுப்பியவருக்குப் பிழை நேர்ந்ததே தெரியாமற் போகலாம்.

எண்ணுவதும் பொறியே

அஞ்சலில் வந்த தாள்களையும் அமெரிக்காவில் பெரும்பாலும் மனிதர் எண்ணுவதில்லை. ஒளியால் குறிகளைப் படிக்கும் பொறிகளே எண்ணுகின்றன. அப்பொறியும் கணினியே. புளோரிடாவின் லியோன் கவுண்டியில், தேர்தல் அலுவலர் அயன் சாஞ்சோவின் இசைவுடன் 2005 டிசம்பரில் ஒரு சோதனை நடந்தது. பின்லாந்து நாட்டு வல்லுநர் ஹாரி ஹர்ஸ்டி, பொறியின் நினைவு அட்டையில் ‘ஆம்’ என்னும் பக்கத்தில் 5 வாக்கு கூட்டியும், ‘இல்லை’ என்னும் பக்கத்தில் 5 வாக்கு குறைத்தும் முன்னரே எழுதிவைத்தார். கூட்டலும் குறைத்தலும் ஒன்றையொன்று ஈடுசெய்ததால் மொத்தம் சுழியமாகவே இருந்தது. தொடக்கத்தில் பொறி அச்சிட்ட நாடாவும் வாக்கு ஏதும் இல்லை என்றே காட்டியது. எட்டுப் பேர் வாக்களித்தனர்: ‘ஆம்’ 2, ‘இல்லை’ 6. பொறி அறிவித்ததோ ‘ஆம்’ 7, ‘இல்லை’ 1.

இச்சோதனை இரு பாடங்களை ஒருங்கே புகட்டுகிறது. தாளில் வாக்களித்துவிட்டால் மட்டும் தொகை பிழையாகாது என்று எண்ணுதல் பேதைமை. ஆனால், அந்த எட்டுத் தாள்களும் அங்கேயே இருந்தன. எவரேனும் கையால் எண்ணினால் பொய் உடனே வெளிப்பட்டுவிடும். தொடுதிரைப் பொறியில் அவ்வாறு எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே, தாளின் சிறப்பு பொய்யைத் தடுப்பதில் இல்லை. பொய்யை வெளிப்படுத்துவதில் உள்ளது. எவரும் எடுத்து எண்ணாத தாள் அப்பயனையும் தருவதில்லை.

தனி வழியும் பொது வழியும்

மேரிலாந்து வாக்காளரின் வினாவுக்கு இப்பொழுது விடை காணலாம். சாவடியிலுள்ள பொறி தாட் சான்று எதையும் விட்டுவைக்காததாயின், அஞ்சல் வாக்குக்கு உறுதியான ஒரு மேம்பாடு உண்டு. ஆனால், அதனைத் தேர்ந்தவர் முற்கூட்டியே விண்ணப்பித்து, பிறர் பாராமல் தாமே குறித்து, கையொப்பம் தவறாமல் இட்டு, பிறர் கையில் கொடாமல் தாமே அனுப்புதல் வேண்டும். சாவடியிலேயே கையால் குறிக்கும் தாள் கிடைக்குமாயின், உடல்நலமும் ஓய்வும் உடையவருக்குச் சாவடியே சிறந்தது. தாளின் நிலைபேறும் தனியறையின் மறைவும் அங்கு ஒருங்கே கிடைக்கின்றன.

எனினும், தனி ஒருவர் அஞ்சல் வழியைத் தேர்வது தம் வாக்கைக் காக்குமேயன்றித் தேர்தலைக் காவாது. அண்டை வீட்டார் பொறியில் இட்ட வாக்குகள் மாறிப்போயின், இவர் கவனமாகக் காத்த ஒரு வாக்கினால் முடிவு நேராகாது. மழை ஒழுகும் பள்ளிக்கூடத்தில் ஒரு மாணவன் குடை பிடித்து அமர்ந்தால் அவன் நனையாமல் இருப்பான். கூரை அதனால் சரியாகிவிடாது.

கூரையைச் சரிசெய்யும் வழியை அறிஞர் கூறியுள்ளனர். நிரலில் கண்டறியப்படாத மாற்றம் ஒன்று, தேர்தல் முடிவில் கண்டறிய இயலாத மாற்றத்தை உண்டாக்கக் கூடாது என்னும் நெறியை 2006இல் ரொனால்டு ரிவெஸ்ட், ஜான் வாக் ஆகியோர் வகுத்தனர். பொறியை நம்பலாமா என்று வாதிடுவதை விடுத்து, பொறியை நம்பத் தேவையில்லாத முறையை அமைக்க வேண்டும் என்பது இதன் பொருள். வாக்காளர் சரிபார்த்த தாள் ஒன்று. தேர்தலுக்குப் பின் சில தாள்களைக் குலுக்கல் முறையில் எடுத்துக் கையால் எண்ணிப் பொறியின் தொகையோடு ஒப்பிடும் தணிக்கை மற்றொன்று. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது போன்றதே இத்தணிக்கை. ஆயின், மேலாக இருக்கும் சோற்றை மட்டும் எடுத்தல் கூடாது. எந்தத் தாள் எடுக்கப்படும் என்பது முன்னரே எவருக்கும் தெரியாதிருத்தல் வேண்டும். போட்டி நெருக்கமானால் எடுக்கும் தாள்களின் எண்ணிக்கையும் பெருகும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துப் புள்ளியியல் பேராசிரியர் பிலிப் ஸ்டார்க் உருவாக்கிய இம்முறையைக் கொலராடோ 2017இல் மாநிலமெங்கும் மேற்கொண்டது.

ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச் 3ஆம் நாள் இதனையே சட்ட நெறியாக உரைத்தது. தேர்தலின் இன்றியமையாப் படிகளைச் சிறப்பு அறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்க இயல வேண்டும். 2005ஆம் ஆண்டுத் தேர்தலில் பயன்பட்ட பொறிகள் அத்தகையன அல்ல என்பது அத்தீர்ப்பு. வாக்காளர் காணத்தக்க தாட் சான்று இன்றியமையாதது என்று இந்திய உச்ச நீதிமன்றமும் 2013இல் கூறியது. 2019ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாடு உட்பட நாடெங்கும் வாக்குப் பொறியின் அருகே தாட் சீட்டுக் கருவி வைக்கப்பட்டது. ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் ஐந்து சாவடிகளின் சீட்டுகள் எண்ணி ஒப்பிடப்பட்டன.

மேரிலாந்தும் இறுதியில் அவ்வழிக்கே வந்தது. தாள் வேண்டும் என்னும் சட்டம் 2007இல் நிறைவேறியது. பொருள் முடையால் காலம் தாழ்ந்தது. 2016ஆம் ஆண்டுத் தேர்தலில்தான் தொடுதிரைகள் விலகித் தாள் வாக்கு மீண்டது. பெருந்தொற்று பரவிய 2020இல் அமெரிக்க வாக்காளருள் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் அஞ்சல் வழியாக வாக்களித்தனர். முன்பு தாளற்ற பொறியையே மாநிலமெங்கும் கொண்டிருந்த ஜார்ஜியா, அவ்வாண்டு ஏறத்தாழ 50 இலட்சம் தாள்களையும் கையால் எண்ணிப் பொறியின் முடிவை உறுதிசெய்தது. பூசல் அதனால் முற்றும் ஒழிந்துவிடவில்லை. ஆனால், ஐயுற்றோர் முன் எடுத்துவைக்க அங்கே தாள் இருந்தது. எண்ணியவர் கைகளைப் பலர் நின்று பார்த்தனர்.

விரைவும் எளிமையும் பொறியின் நலங்கள். அவற்றை இகழ வேண்டுவதில்லை. ஆயினும் எண்ணும் வேலையைப் பொறிக்குக் கொடுக்கலாமேயன்றி, எண்ணியது சரியா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை அதற்குக் கொடுத்தல் ஆகாது. தோற்ற வேட்பாளர் ஒருவர் வந்து, ‘காட்டுங்கள்’ என்று கேட்கும்போது எடுத்துக்காட்ட ஒரு தாளேனும் இருக்கும் தேர்தலே நம்பத்தக்க தேர்தல்.